ஏழு உருட்டு

ஓல்டன் ரயில் நிலையத்துக்குப் பின்புறம்
நாலாம் மாடி, குசினி மேசை.
மாவுப்பெட்டி அட்டையின் முதுகில்
நான் கீறிய தாயக்கட்டம்.
வியாழன் இரவுகளில் கேள்விகள் வரும்,
சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு
படியேறிய மூச்சு அடங்குமுன்பே.

பாசலில் அந்த வேலை கிடைக்குமா.
மகன் கூட்டிவந்தவள் நிற்பாளா, போவாளா.
சீட்டுப் பிடித்தவன் எந்த நாட்டில்.

ஒரு இரவுக்கு ஒரு கேள்விதான்.
கேள்விக்குப் புளியங்கொட்டை,
மறுப்புக்குச் சட்டைப் பொத்தான்.
கேள்விக்கு நாலு உருட்டு, மறுப்புக்கு மூன்று.
நீதியில்லைதான்.
கேட்க வந்த எவரும் அதைக் குறை சொன்னதில்லை.
தாயம் விழுந்தாலும்,
இரண்டு வெற்று முகங்கள் சேர்ந்து
பன்னிரண்டே ஆனாலும்
மறு உருட்டுக் கிடையாது. ஏழோடு சரி.
பொத்தான் கொட்டையை வெட்டினால் இல்லை.
கொட்டை மலையில் ஏறிக்கொண்டால் ஆம்.
இரண்டுமில்லையென்றால்
தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகலாம்.

இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.
மருந்துக் கிடங்கில் இரவுவேலை நின்றுபோன குளிர்காலத்தில்
நித்திரை வராத கைகள் போட்ட சட்டம்.
கூலி ஒரு பெட்டி தேயிலை.
ஒருதரம் சூரிச்சிலிருந்து அரைக்கிலோ இறால்.

மே மாதம் மங்களேஸ்வரி
ஸ்கேன் முடிவைக் கேட்டு வந்தாள்.
ஆறாவது உருட்டு, பொத்தானுடையது.
மூன்று விழுந்தால் வெட்டு.
மூன்றுதான் விழுந்தது.
"மேசை விளிம்பில் பட்டுவிட்டது, செல்லாது" என்றேன்.
படவில்லை. அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.
மறுபடி உருட்டினேன்.

ஜூனில், உடுப்புத் தோய்க்கும் அறையில்
முறைப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒரு கடிதம்:
பத்து மணிக்குப் பிறகு மேலே ஏதோ உலோகம் உருளுகிறது.
நிறுத்தவும்.
ஹுன்ஸிக்கர், மூன்றாம் மாடி.

மேசையில் துவாய் விரித்தேன்.
துவாயில் கட்டை உருளாது,
செத்த மீனாய் விழுந்த இடத்திலேயே கிடக்கும்.
அந்த வியாழன்களில் எல்லோருக்கும் தேத்தண்ணிதான்.

ஆகஸ்டில் அவரே ஏறி வந்தார்.
வீட்டுச் செருப்பு, இஸ்திரி போட்ட சட்டை,
கையில் சதுரக்கோட்டுக் கொப்பி.
என் டொச்சுக்கு ஏற்றபடி மெதுவாகக் கதைத்தார்:
"அந்தக் கடிதத்தை நான் திரும்பப் பெற்றுக்கொள்ளலாமா?"

கொப்பியில் திகதிகள், பக்கத்தில் எண்கள்.
குளிர்காலம் தொட்டு
என் கூரையில் அல்ல, அவர் கூரையில்
விழுந்த சத்தங்களின் கணக்கு.
இரட்டையில் நின்றால்
தூன் நகரத்துத் தங்கைக்கு எழுதுவது.
ஒற்றையென்றால் இன்னொரு வாரம்.
பதினொரு வருடமாய்ப் பேச்சில்லை.
பக்கம் முழுக்க ஏழு, ஏழு, ஏழு.
"ஆத்திரத்தில்தான் எழுதிப் போட்டேன்,
உங்கள்மேல் இல்லை, அதன்மேல்."
பிறகு விரல் ஒரு வரியில் நின்றது.
மே இருபத்திமூன்று: எட்டு.
"இது மட்டும் நான் பிழையாக எண்ணியிருக்கிறேன்."

என் சட்டத்தைச் சொல்லியிருக்கலாம்.
நாலும் மூன்றும் எந்தக் காலத்திலும்
இரட்டையாகாது என்று.
மங்களேஸ்வரியைச் சொல்லியிருக்கலாம்.
வாய் வந்தது இவ்வளவுக்குத்தான்:
"எண்ணியது சரி."

அன்றைக்கு வியாழனில்லை. கேட்க ஒருவருமில்லை.
துவாயை உதறி மடித்துவைத்தேன்.
கொட்டையில்லை, பொத்தானில்லை,
வெறும் மரத்தில் வெறும் பித்தளை.
ஏழாவதுக்குப் பிறகு உள்ளங்கை வியர்த்தது.
எட்டாவதில்
ஒரு கட்டை வெற்று முகத்தோடு மேசையில் நின்றது.
மற்றது விளிம்பு தாண்டி
நிலத்தில் விழுந்து, இன்னுமொருதரம் துள்ளி
பிரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது.

அதுவும் வெற்றென்றால் பன்னிரண்டு.
கீழே அதை ஒன்றாக எண்ணினாரோ
இரண்டாக எண்ணினாரோ.
குனிந்து தேடவில்லை.
கதிரை அசைந்தால்
அதையும் சேர்த்துவிடக்கூடும்.